போன் ஒன்று போதும்: தருமபுரி, கிருஷ்ணகிரிச் சத்தங்களில் பாட்டு செய்ய முழு வழிகாட்டி

போனில் பாட்டு செய்ய ஆசைப்படுகிற பிள்ளைகள் நம் பக்கத்தில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை, ஓசூர் என்று எங்கிருந்து கேட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்த ஆப் நல்லது?" அதற்கும் பதில் சொல்கிறேன். இந்த வருஷம் என் போனில் நிலைத்த ஆப்களைப் பெயரோடு கீழே சொல்லியிருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியது, எந்தச் சத்தத்தை வைத்துப் பாட்டு செய்யப் போகிறீர்கள் என்பது. ஆப்போடு வருகிற டிரம் லூப் (சுற்றிச் சுற்றி ஓடுகிற தாளத் துண்டு) உலகம் முழுக்க எல்லோர் போனிலும் இருக்கிறது. அதே லூப்பை லண்டனில் ஒருவர் வைத்திருப்பார், நீங்களும் வைத்திருப்பீர்கள். பம்பையும் உடுக்கையும் கூத்து மேடைத் தாளமும் அவரிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. போனில் இருக்கிற மிகச் சிறந்த வாத்தியம் அதன் மைக்தான். இந்த வழிகாட்டி முழுக்க அந்த நம்பிக்கையில் எழுதியது.

போனைத் தயார் செய்வது

பெரிய விலைப் போன் வேண்டாம். நான்கைந்து வருஷத்துக்குள் வந்த நடுத்தர ஆண்ட்ராய்டு போனே தாங்கும். இடம் எவ்வளவு காலி என்று மட்டும் பாருங்கள். சுருக்கப்படாத வேவ் கோப்பு, சிடி தரத்தில், ஸ்டீரியோவாக (இடம், வலம் என்று இரண்டு தடம்) இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். மோனோ (ஒரே தடம்) என்றால் அதில் பாதி. ஒரு பாட்டுக்கு எட்டுப் பத்து ட்ராக் (தனித்தனிப் பதிவு அடுக்கு), ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு டேக் (ஒரு முறை வாசித்த பதிவு) என்று போனால் ஒரு ஜிபி சுலபமாகக் கரையும்.

பதிவு தொடங்கும் முன் ஏரோபிளேன் மோட் போடுங்கள். அழைப்பு வந்து பதிவு அறுபடாது, சிக்னல் தேடும்போது வருகிற "டிர்ர்" சத்தமும் மைக்கில் ஏறாது.

வெயில் காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. நம் பக்கத்து ஏப்ரல், மே வெயிலில் போன் சூடாகிவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது ஆப்பில் பாட்டு ஓடும்போது படபடவென்று வெடிப்புச் சத்தம் கேட்கும். ஆப் கெட்டுவிட்டது என்று நினைத்து அழிக்காதீர்கள். சார்ஜரைக் கழற்றி, உறையைக் கழற்றி, நிழலில் கொஞ்ச நேரம் வைத்தால் சரியாகிவிடும்.

அப்புறம் இயர்போன். வயர் இயர்போன்தான் வேண்டும், இதில் மாற்றுப் பேச்சே இல்லை. புளூடூத்தில் சத்தம் காதுக்கு வர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் கால் நொடி வரை தாமதமாகும். சினிமா பார்க்க அது பரவாயில்லை. தாளத்துக்கு மேல் பாடவே முடியாது. போனில் இயர்போன் துளை இல்லை என்றால் டைப்-சி மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது கடையிலேயே சொருகி, பாட்டும் கேட்கிறதா, மைக்கும் வேலை செய்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். சில மாற்றிகள் சில போன்களோடு ஒத்துப்போகாது.

எந்த ஆப், எதற்கு

ஒரே ஆப்பில் எல்லா வேலையும் செய்யப் பார்த்தால்தான் சலிப்பு வரும். வேலை மூன்று: சத்தத்தைப் பிடிப்பது, அதை வெட்டி வாசிப்பது, அடுக்கிப் பாட்டாக்குவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆப் வைத்துக்கொண்டால் போதும்.

பிடிப்பதற்கு ஆண்ட்ராய்டில் ஈஸி வாய்ஸ் ரெக்கார்டர். அமைப்புக்குள் போய்க் கோப்பு வகையை வேவ் என்று மாற்றுங்கள். இரைச்சல் நீக்கம், தானாகச் சத்தம் கூட்டிக் குறைக்கும் வசதி இரண்டையும் அணையுங்கள். இந்த இரண்டும் பேச்சுக்காகச் செய்தவை. பறை அடித்தால் முதல் அடியிலேயே சத்தத்தைக் கீழே அமுக்கிவிட்டு, அடிக்கு அடி நடுவில் மேலே இழுக்கும். கேட்கிறவருக்கு மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் வாய்ஸ் மெமோஸ் அமைப்பில் ஒலித்தரத்தை "லாஸ்லெஸ்" என்று மாற்றினால் போதும், வேறு ஆப் தேட வேண்டாம்.

வெட்டி வாசிப்பதற்குக் கோவாலா சாம்ப்ளர். இந்த வருஷம் நான் அதிகம் தொட்ட ஆப் இதுதான். சின்ன விலை, ஒருமுறை கொடுத்தால் போதும், இணையம் வேண்டாம், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கிடைக்கிறது. திரையில் பதினாறு கட்டங்கள். ஒரு கட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டால் அது அந்தக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். தட்டினால் திரும்ப வரும். நான்கு பக்கங்கள் சேர்த்து 64 சத்தங்கள் வைக்கலாம். ஏழு வயதுக் குழந்தை கையில் கொடுத்தாலும் விளையாடிக்கொண்டே பிடித்துக்கொள்ளும்.

அடுக்குவதற்கு இலவசமாக வேண்டும் என்றால் பேண்ட்லேப். பல ட்ராக் பதிவு, எஃபெக்ட், கடைசியில் மாஸ்டரிங் (முடிந்த பாட்டை வெளியிடும் முன் சத்தத்தைச் சீராக்குவது) வரை காசில்லாமல் கிடைக்கிறது. இன்னொருவரை உள்ளே அழைத்துச் சேர்ந்து வேலை செய்யலாம். பெங்களூரில் வேலை செய்கிற தம்பி அங்கிருந்தே கீபோர்டு வாசித்து அதே பாட்டில் சேர்க்கலாம். ஆனால் கணக்கு, சேமிப்பு, பகிர்வு எல்லாமே இணையத்தோடு பின்னியது. சிக்னல் கிடைக்காத மலைக் கிராமத்துக்குப் பதிவு செய்யப் போனால் அதை நம்பிப் போகாதீர்கள். அங்கே ரெக்கார்டர் ஆப்பில் பிடித்துக்கொண்டு வந்து, வீட்டில் பேண்ட்லேப்பில் ஏற்றுங்கள்.

கொஞ்சம் காசு போட முடிந்தால் எஃப்எல் ஸ்டுடியோ மொபைல். ஸ்டெப் சீக்வென்சரும் (கட்டம் கட்டமாகத் தட்டித் தாளம் அமைப்பது) பியானோ ரோலும் (சுரங்களைத் திரையில் வரைந்து அமைப்பது) இதில் கைக்கு அடக்கமாக இருக்கின்றன. நாளைக்கு கம்ப்யூட்டரில் எஃப்எல் ஸ்டுடியோவுக்குப் போனால் போனில் செய்த வேலையை அங்கே திறக்கலாம். வெளியே மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைப் போனோடு இணைக்கிற பெட்டி) எல்லாம் வைத்திருக்கிற ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கு ஆடியோ எவல்யூஷன் மொபைல். யுஎஸ்பி இன்டர்ஃபேஸுக்கென்று தனி டிரைவரே அதில் இருக்கிறது. ஐபோன்காரர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசம். அதில் புதியவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு: பாட்டின் பகுதி எட்டு பார் (பார் என்பது தாள எண்ணிக்கையின் ஒரு சுற்று) நீளம் என்று முன்கூட்டியே வைத்திருக்கும், அதற்கு மேல் பாடினால் பதிவாகாது. மேலே வலப்பக்கம் இருக்கிற கூட்டல் குறியைத் தட்டி, பகுதியின் நீளத்தை "ஆட்டோமேட்டிக்" என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

ஐபேட் இருந்து, கமகம் வாசிக்க ஆசை இருந்தால் ஜியோஷ்ரெட் பாருங்கள். சாதாரணப் பியானோ திரையில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு எட்டிக் குதிக்கத்தான் முடியும். இதில் விரலை இழுத்துக்கொண்டே போகலாம், வீணைத் தந்தியை இழுக்கிற மாதிரி.

இவ்வளவு போதும். முதல் பாட்டுக்கு ரெக்கார்டர், கோவாலா, பேண்ட்லேப் என்கிற மூன்று மட்டும் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

சத்தத்தைப் பிடிப்பது

இங்கேதான் பாட்டின் பாதி முடிவாகிறது. இதில் அவசரப்பட்டால் பிறகு எந்த ஆப்பாலும் சரிசெய்ய முடியாது.

முதலில் உங்கள் போனில் மைக் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். ரெக்கார்டரை ஓடவிட்டு, போனின் ஓரங்களை நகத்தால் மெதுவாகச் சுரண்டிக்கொண்டே போங்கள். கேட்டுப் பார்க்கும்போது எந்த இடத்துச் சுரண்டல் பெரிதாகக் கேட்கிறதோ அங்கே மைக். பெரும்பாலும் கீழ் ஓரத்தில் சார்ஜர் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த முனைதான் வாத்தியத்தைப் பார்க்க வேண்டும்; கையாலோ உறையாலோ மூடக்கூடாது.

அடுத்தது இடம். சமுதாயக்கூடம், கல்யாண மண்டபம், காலி வகுப்பறை எல்லாம் எதிரொலிக் கிடங்கு. பதிவில் ஏறிய எதிரொலியைப் பிறகு எடுக்க முடியாது. எதிரொலி இல்லாமல் பிடித்தால் வேண்டிய அளவுக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புக்குப் பஞ்சமே இல்லை. தோப்புக்கு நடுவில் சுவர் இல்லை, திரும்பி வர வழி இல்லாமல் சத்தம் போய்விடும். பறைக்கும் பம்பைக்கும் அதைவிட நல்ல ஸ்டுடியோ நமக்குக் கிடைக்காது. காற்று அடித்தால் மைக்கின் மேல் மெல்லிய பஞ்சோ பழைய சாக்ஸோ சுற்றிவிடுங்கள். சாயங்காலம் இருட்டிவிட்டால் சில்வண்டு தொடங்கிவிடும். அதன் கிரீச் சத்தம் குரலின் தெளிவு இருக்கிற அதே உயரத்தில் வந்து உட்காரும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஊர் அடங்கிக் கிடக்கிற மதிய வேளையே தோப்பில் பதிவுக்குத் தோதானது.

தேசிய நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறவர்களுக்கு லாரி உறுமல் இருந்துகொண்டே இருக்கும். ஹாரனுக்கு நிறுத்திக் காத்திருக்கத்தான் வேண்டும். அடிவயிற்று உறுமலைப் பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பெருமளவு போய்விடும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

பறை, தப்பட்டை: போனை மூன்று மீட்டருக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். தோலுக்கு நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். திறந்த வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் சத்தம் 6 டெசிபல் குறையும். அளவுக்கோடு சிவப்பைத் தொட்டால் நாலடி பின்னால் போங்கள். சிவப்பைத் தொட்ட அடி கிழிந்த அடி, அதைத் தைக்க முடியாது. மிகப் பலமான அடி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் நிம்மதி. தீயில் காய்ச்சித் தோல் இறுகிய உடனே பிடித்துவிடுங்கள். நேரம் ஆக ஆகத் தோல் தளர்ந்து நாதம் இறங்கும். முதல் டேக்கும் கடைசி டேக்கும் ஒட்டாது.

உடுக்கை: இதற்கு நேர் மாறு. பக்கத்தில் போக வேண்டும், இரண்டு சாண் தூரம் போதும். இடுப்புக் கயிற்றை அழுத்தும்போது நாதம் "டும்ம்ம்" என்று மேலே ஏறி இறங்குகிறதே, அதுதான் உடுக்கையின் உயிர். தூரத்தில் வைத்தால் அடி மட்டும் கேட்கும், அந்த ஏற்ற இறக்கம் காணாமல் போகும். வாசிக்கிறவரிடம் மூன்று விதமாகக் கேளுங்கள்: கயிற்றை அழுத்தாமல் ஒற்றை அடி, விரலால் சுண்டி அடக்கிய அடி, அழுத்தி இழுக்கிற அடி. ஒவ்வொன்றையும் மெல்ல, நடுத்தரமாக, பலமாக என்று ஐந்தாறு தடவை அடிக்கச் சொல்லுங்கள். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நாதம் முழுக்க அடங்கும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். இத்தனை தடவை எதற்கு என்றால், ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட்டால் காது உடனே மெஷின் என்று கண்டுபிடித்துவிடும். மாற்றி மாற்றிப் போட்டால் ஆள் உட்கார்ந்து வாசிப்பதாகவே இருக்கும்.

பம்பைக்கு நடுத்தர தூரம், ஒன்றரை மீட்டர். ஒரே இடுப்பில் கட்டிய இரண்டு மேளத்தில் ஒன்று மட்டும் தூக்கலாகக் கேட்டால் போனை மறுபக்கம் ஓரடி நகர்த்துங்கள்.

ஒற்றை ஒற்றை அடிகளைப் பிடித்த பிறகு, அவரை இஷ்டத்துக்கு ஐந்து நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பிடித்து வையுங்கள். நீங்கள் எதிர்பார்க்காத ஒரு நடை அதில் கிடைக்கும். பாட்டு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும்.

வாத்தியக்காரர் யாரும் பக்கத்தில் இல்லை என்றாலும் குறை இல்லை. களி கிண்டும்போது துடுப்பு பானையில் படுகிற சத்தம், ராகி அரைக்கிற திருகையின் உருட்டல், மாங்காய் மண்டியில் பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துத் தட்டினால் வருகிற "தொம்" எல்லாமே தாளச் சத்தம்தான். ஒகேனக்கல் போனால் அருவிக்குப் பக்கத்தில் நின்று அரை நிமிடம் பிடித்துக்கொண்டு வாருங்கள். கேட்க வெறும் இரைச்சல். அதில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வெட்டி, முனையைச் சட்டென்று அடங்கவிட்டால் "ட்ஸ்" என்று அருமையான ஹை-ஹேட் (டிரம் செட்டில் இருக்கிற ஜோடித் தட்டு) சத்தம் கிடைக்கும். டிரம் மெஷின்களும் வெறும் இரைச்சலை இப்படித்தான் நறுக்கிச் சத்தமாக்குகின்றன.

சுருதியும் தாளமும்

நம் ஊரில் கட்டைக் கணக்கு, ஆப்பில் ஆங்கில எழுத்து. இந்தப் பொருத்தத்தை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 1 கட்டை சி, 1½ சி ஷார்ப், 2 டி, 2½ டி ஷார்ப், 3 இ, 4 எஃப், 4½ எஃப் ஷார்ப், 5 ஜி, 5½ ஜி ஷார்ப், 6 ஏ, 6½ ஏ ஷார்ப், 7 பி. பாடுகிறவர் "எனக்கு அஞ்சரைக் கட்டை" என்று சொன்னால் பாட்டின் கீ, ஜி ஷார்ப். கூத்தில் பாடிப் பழகியவர்கள் மேடைக்காகத் தொண்டையை உயர்த்தியே பழகியிருப்பார்கள். அவர்கள் சுருதிக்கு நீங்கள் போங்கள், உங்கள் கீபோர்டு வசதிக்கு அவர்களை இறக்காதீர்கள். இலவசச் சுருதிப் பெட்டி ஆப்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றில் அவருக்கு ஒத்த சுருதியை வைத்து, பதிவு முழுக்க இயர்போனில் ஒலிக்க விடுங்கள்.

தாளத்தில் இன்னும் கவனம் வேண்டும். இந்த ஆப்கள் திறந்த உடனே நான்கு எண்ணிக்கைக்கு ஒரு பார் என்று நிற்கும். நம் கிராமத்து நடைகளில் பெரும் பங்கு அப்படி இல்லை. "தகிட தகிட" என்று மூன்று மூன்றாக உருளும், "தகிட தகதிமி" என்று ஏழாக நடக்கும். மூன்று நடைக்கு டைம் சிக்னேச்சரை (ஒரு பாரில் எத்தனை எண்ணிக்கை என்கிற அமைப்பு) 6/8 என்று மாற்றினால் எல்லாம் சரியாக உட்காரும். ஏழுதான் சிக்கல். கராஜ்பேண்டில் 4/4, 3/4, 6/8 மூன்று மட்டும்தான் உண்டு. அதற்கு ஒரு வழி: 4/4 என்றே விட்டுவிட்டு, லூப்பின் நீளத்தை ஏழு பார் என்று வையுங்கள். ஏழு பாரில் 28 எண்ணிக்கை. ஏழு எண்ணிக்கைத் தாளம் நான்கு ஆவர்த்தம் சுற்றினாலும் 28. இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும். நடுவில் திரையில் தெரிகிற பார் கோடுகளைக் கண்டுகொள்ளாதீர்கள்.

வேகம் கண்டுபிடிக்க, பதினைந்து நொடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். அதுதான் பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்கிற கணக்கு.

இங்கே என் கருத்தை அழுத்தியே சொல்கிறேன். மேளக்காரர் காதில் இயர்போன் மாட்டி, மெட்ரோனோமுக்கு (ஒரே வேகத்தில் டிக் டிக் என்று தாளம் காட்டுகிற வசதி) அடிக்கச் சொல்லாதீர்கள். கூத்து அடவுக்கு அடிக்கிறவர் ஆடுகிறவரின் காலைப் பார்த்து வேகத்தை ஏற்றுகிறவர். பதினெட்டு நாள் பாரதக் கூத்தில் படுகளம் நெருங்கும்போது மேளம் எப்படி ஏறும் என்று தருமபுரிப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஏற்றம்தான் சங்கதி. மெட்ரோனோமை அணைத்துவிட்டு முதலில் மேளத்தைப் பிடியுங்கள். மற்ற எல்லாமே அந்த மேளத்தைக் கேட்டுக்கொண்டு அதன் மேல் வாசிக்கட்டும். திரையில் கட்டக் கோட்டோடு ஒட்டாது. ஒட்டாவிட்டால் என்ன, காதோடு ஒட்டினால் போதும். லூப் வைத்துச் செய்கிற பாட்டுக்கு மட்டும் பிபிஎம் பூட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டி அடுக்குவது

பிடித்த கோப்பைக் கோவாலாவில் ஏற்றுங்கள். நல்ல அடிகளை ஒவ்வொன்றாக வெட்டிக் கட்டங்களில் வையுங்கள். வெட்டும்போது அடியின் தொடக்கத்துக்கு ஒட்டி வெட்ட வேண்டும். முன்னால் ஒரு மயிரிழை மௌனம் இருந்தாலும் தட்டும்போது தாளம் பின்தங்கும். வால் பக்கம் தாராளமாக விடுங்கள், நாதம் அடங்கட்டும்.

பிறகு இரண்டு கட்டை விரலால் வாசித்துப் பாருங்கள். ரெக்கார்டை அழுத்தி வாசித்தால் சுற்றிச் சுற்றி ஓடும். குவாண்டைஸ் என்கிற வசதி உங்கள் தட்டுகளைக் கோட்டுக்கு இழுத்து நேராக்கும். நாட்டுப்புற நடைக்கு அதை அணைத்து வைப்பதே நல்லது. கை பழகும் வரை முன்னே பின்னே விழும், நாலு நாளில் வந்துவிடும். ஒரு சுற்று பிடித்துவிட்டால் அதன் மேலேயே அடுத்த அடுக்கு: அடியில் கிரேட்டின் தொம், நடுவில் உடுக்கை, மேலே அருவியின் "ட்ஸ்". மூன்று அடுக்கிலேயே ஆடத் தோன்ற வேண்டும். தோன்றவில்லை என்றால் நாலாவது அடுக்கு போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், முதல் அடுக்கை மாற்றுங்கள்.

சரி வந்ததும் வேவ் ஆக வெளியே எடுத்து பேண்ட்லேப்பில் புது ட்ராக்காக ஏற்றுங்கள்.

குரல்

பாடப்போகும் முன்னால் தாமதத்தைச் சோதித்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் மைக்கில் போன சத்தம் ஆப்புக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் ஆகும், அது போனுக்குப் போன் மாறும். 10 மில்லி நொடி என்பது மூன்றரை மீட்டர் தள்ளி நிற்கிறவர் வாசிப்பதைக் கேட்கிற மாதிரி, அது தெரியாது. 100 மில்லி நொடி என்றால் பாட்டே இழுத்துக்கொண்டு போகும். பேண்ட்லேப்பில் இதைத் தானாக அளந்து சரிசெய்ய லேட்டன்சி டெஸ்ட் இருக்கிறது. மற்ற ஆப்களில் கையால் செய்யலாம்: இயர்போனைக் கழற்றி, மெட்ரோனோமை போன் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதையே மைக்கில் பதிவு செய்யுங்கள். பதிவான டிக் எவ்வளவு பின்னால் விழுந்திருக்கிறது என்று திரையில் பெரிதாக்கிப் பார்த்து, குரல் ட்ராக்கை அந்த அளவு முன்னால் நகர்த்துங்கள்.

பாடுகிற இடத்துக்குத் துணி வேண்டும். திறந்த துணி அலமாரிக்கு முன்னால் நின்றோ, கொடியில் கம்பளியைத் தொங்கவிட்டோ பாடுங்கள். மின்விசிறியை அணையுங்கள். ஓசூரில் குளிர் காலத்தில் இது சுலபம், அரூர்ப் பக்கம் சித்திரையில் வியர்த்துக் கொட்டும். ஒரு டேக்குக்கு ஒருமுறை விசிறி போட்டு ஆறிக்கொண்டு தொடருங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். போனை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் கன்னத்துப் பக்கம் கொஞ்சம் விலக்கி வைத்தால் "ப", "ம்ப" வரும்போது காற்று அடிக்காது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற வயர் காலர் மைக்கை நெஞ்சில் குத்தினாலும் போன் மைக்கைவிடக் குரல் நன்றாக நிற்கும்.

மூன்று முறை முழுதாகப் பாடி, வரிக்கு வரி நல்லதை எடுத்துச் சேருங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் அந்த மொழியில் ஒரு சரணம் வையுங்கள். அது நம் பக்கத்துக்கே உரிய பாட்டாக இருக்கும்.

சுருதி திருத்துகிற ஆட்டோபிட்ச் பற்றி: கீயைச் சரியாகக் கொடுத்து, மிகக் குறைவாக வையுங்கள். அது குரலைப் பக்கத்துச் சுரத்துக்குப் பிடித்து இழுக்கிற வேலை. நம் பாட்டில் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே இருக்கிற அசைவில்தான் உணர்ச்சி இருக்கிறது. அளவு ஏறினால் ஒப்பாரி இழுப்பு படிக்கட்டு மாதிரி உடைந்துவிடும்.

மிக்ஸிங்

எஃபெக்ட் எதையும் தொடாமல் முதலில் சத்த அளவுகளை மட்டும் வைத்துச் சமன் செய்யுங்கள். வேலையின் பெரும் பகுதி அதில் முடிந்துவிடும். பிறகு குரலில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். குரல் தொட்டிக்குள்ளிருந்து வருவது போல் இருந்தால் 300 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்குங்கள், சொல் புரியவில்லை என்றால் 3000 பக்கம் கொஞ்சம் ஏற்றுங்கள். ரிவெர்ப் (எதிரொலி சேர்க்கிற எஃபெக்ட்) போடும்போது கேட்கும் வரை ஏற்றி, அங்கிருந்து பாதிக்கு இறக்குங்கள். உடுக்கையை ஒரு காதுப் பக்கம், பம்பையை மறு காதுப் பக்கம் கொஞ்சம் விலக்கினால் குரலுக்கு நடுவில் இடம் கிடைக்கும்.

முடித்ததும் மோனோவில் கேட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் பாட்டு கடைசியில் எங்கே ஒலிக்கப்போகிறது? திருவிழாக் குழாய் ஸ்பீக்கரில், ஷேர் ஆட்டோவில், இன்னொருவர் போன் ஸ்பீக்கரில். குழாய் ஸ்பீக்கருக்கு இடம் வலம் எல்லாம் ஒன்றுதான். அடித்தொண்டைச் சத்தமும் அதில் வராது. போன் ஸ்பீக்கரிலும் அப்படியே, ஆழமான "தொம்" காணாமல் போகும். அந்தத் தாளம் அங்கேயும் கேட்க வேண்டும் என்றால், தொம்மோடு சேர்த்துக் குச்சி தோலில் படுகிற "டக்" சத்தத்தையும் லேசாக வையுங்கள். காது அதைப் பிடித்துக்கொண்டு மீதியை நிரப்பிக்கொள்ளும்.

பேண்ட்லேப்பின் மாஸ்டரிங்கைக் கடைசியில் ஒருமுறை ஓடவிட்டால் போதும். எவ்வளவு உரக்க இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைக்க வேண்டாம். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (பாட்டு மொத்தத்தில் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதற்கான அளவு) பக்கம் எல்லாப் பாட்டையும் இறக்கிச் சமப்படுத்திவிடும். நசுக்கி உரக்கச் செய்த பாட்டு அங்கே போனால் சத்தமும் இறங்கி, உயிரும் போய் நிற்கும்.

வெளியே எடுப்பதும் அனுப்புவதும்

வேவ் ஒன்று, 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒன்று என்று இரண்டாக எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் நண்பருக்கு ட்ராக் அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், கோப்பு அப்படியே போய்ச் சேரும். மூலப் பதிவுகளை, அந்த ஒற்றை ஒற்றை அடிகளை, ஒருபோதும் அழிக்காதீர்கள். மெமரி கார்டில் ஒரு பிரதி, வேறு ஒருவர் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி. கோப்பின் பெயரிலேயே ஊர், வாத்தியம், வாசித்தவர், மாதம் எல்லாம் இருக்கட்டும். இரண்டு வருஷம் கழித்துத் தேடும்போது "ரெக்கார்டிங் 47" என்று இருந்தால் யார் வாசித்தது என்று யாருக்கும் தெரியாது.

வாசித்தவருக்குச் சேர வேண்டியது

இதைத் தவிர்த்துவிட்டு எந்தப் பாட்டையும் வெளியிடாதீர்கள். மேளக்காரரிடம் பதிவு எதற்கு, எங்கே வெளியாகும், காசு வந்தால் எப்படிப் பங்கு என்று வாசிக்கும் முன்பே பேசிவிடுங்கள். ஒரு நாள் கூலியை அன்றைக்கே கொடுங்கள். விழா நாளில் அவருக்கு என்ன கிடைக்குமோ அதற்குக் குறையக்கூடாது. ஒப்புதலைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் எல்லாவற்றையும் படித்துச் சொல்லி, அவர் சம்மதிப்பதை அவர் குரலிலேயே பதிவு செய்து, அதில் ஒரு பிரதியை அவர் வீட்டில் ஒருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

இது மரியாதைக்காக மட்டும் இல்லை, சட்டமும் அப்படித்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ல் வந்தது. நிகழ்த்துகிற கலைஞருக்கு அவருடைய நிகழ்ச்சியின் மேல் 50 ஆண்டு உரிமை உண்டு, ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு. தாத்தா காலத்துக் கும்மிப் பாட்டு ஊருக்குப் பொது. அதை யாரோ பதிவு செய்து வெளியிட்ட கோப்பு பொது இல்லை. அதிலிருந்து வெட்டி எடுக்காமல், பாடத் தெரிந்த பாட்டியைத் தேடிப்போய் நீங்களே பதிவு செய்யுங்கள். சினிமாப் பாட்டில் குரலையும் இசையையும் பிரித்துக் கொடுக்கிற மொய்சஸ் போன்ற ஆப்களைக் கற்றுக்கொள்ளவும் பழகவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பிரித்த துண்டை உங்கள் பாட்டில் வைத்து யூடியூபில் ஏற்றினால் உரிமையாளர் கோருவார், வருமானம் அவருக்குப் போகும், சில சமயம் பாட்டே முடங்கும்.

பாட்டின் விவரத்தில் முதல் வரியாக வாசித்தவர் பெயரையும் ஊரையும் போடுங்கள். எப்படி எழுத வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். குழுவின் பெயர் வேண்டும் என்பார், சிலர் வாத்தியார் பெயரைச் சேர்க்கச் சொல்வார்கள். முடிந்த பாட்டை வெளியிடும் முன் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். "இந்த இடத்துல நடை மாறுது தம்பி" என்று அவர் ஒன்று சொன்னால் திரும்பப் போய்த் திருத்திவிட்டு வெளியிடுங்கள்.